வன்பொருள் முகவரியைக் கண்டறிதல்: ஏஆர்பி நெறிமுறையின் வரலாறு

ஒரே வீட்டிலோ அலுவலகத்திலோ கணினி ஆய்வகத்திலோ இணைக்கப்பட்டுள்ள கருவிகள் தமக்குள் தரவை அனுப்பிக்கொள்ள, ஒவ்வொன்றும் மற்றதன் வன்பொருள் முகவரியை அறிந்திருக்க வேண்டும். அந்த முகவரியை வலையமைப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை முகவரி கண்டறி நெறிமுறை எனப்படும், சுருக்கமாக ஏஆர்பி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் இதை வெளியிட்டார். சில பக்கங்களே கொண்ட அந்த ஆவணம் ஆர்.எஃப்.சி. 826 என்ற எண்ணால் அறியப்படுகிறது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும், ஈதர்நெட்டிலும் வைஃபையிலும் ஐபி பதிப்பு 4 இயங்கும் இடமெல்லாம் இந்த நெறிமுறை வேலை செய்துகொண்டிருக்கிறது.

இதன் வரலாறு ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்தது. ஒரு கருவியின் நிலையான அடையாளமும் வலையமைப்பில் அது இருக்கும் இடமும் ஒரே எண்ணாக இருக்க வேண்டுமா, வெவ்வேறாக இருக்க வேண்டுமா? 1970களில் எழுந்த இக்கேள்விக்குக் கிடைத்த விடை, இன்று கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரின் அந்தரங்கத்தையும் தொடுகிறது.

இரண்டு முகவரிகள் எதற்கு?

பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் வருகைப் பதிவேட்டில் ஒரு வரிசை எண் உண்டு. எட்டாம் வகுப்பில் 14ஆக இருந்த எண் ஒன்பதாம் வகுப்பில் 21 ஆகலாம். பள்ளி மாறினால் வேறோர் எண் கிடைக்கும். ஆனால் மாணவரின் பெயர் எந்த வகுப்புக்குப் போனாலும் கூடவே போகும். ஐபி முகவரி வரிசை எண்ணைப் போன்றது. கருவி எந்த வலையமைப்பில் இருக்கிறதோ அதற்கேற்ப மாறும். வன்பொருள் முகவரி பெயரைப் போன்றது. அது வலையமைப்பு அட்டையைச் செய்யும்போதே அதில் பதிக்கப்படுகிறது. இதனை மேக் முகவரி என்றும் அழைப்பர்.

ஐபி முகவரி உலகின் எந்த மூலைக்கும் வழிகாட்டும். அதன் முற்பகுதி வலையமைப்பையும் பிற்பகுதி அந்த வலையமைப்பிலுள்ள கருவியையும் குறிப்பதால், இடையிலுள்ள ரவுட்டர்கள் தரவுப் பொட்டலத்தைப் படிப்படியாகச் சரியான இடத்துக்கு நகர்த்துகின்றன. வன்பொருள் முகவரியில் இத்தகைய வழிகாட்டுதல் எதுவும் கிடையாது. அதை வைத்து அட்டையைச் செய்தவர் யார் என்று சொல்லலாமே தவிர, அட்டை எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆயினும் கடைசி அடியில் அதுவே தேவைப்படுகிறது. ஏனெனில் கம்பியில் வரும் சட்டகம் தனக்குரியதா என்று அட்டை சரிபார்ப்பது தன் வன்பொருள் முகவரியைக் கொண்டுதான். ஐபி முகவரி என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

எனவே, வரிசை எண்ணை மட்டும் அறிந்த ஒருவர் அந்த எண்ணுக்குரிய பெயரைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஏஆர்பி செய்யும் வேலை இதுவே.

பாலோ ஆல்டோவின் 8 பிட்டுகள்

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையம் இருந்தது. ஆல்டோ என்னும் தனிநபர் கணினிகளை உருவாக்கிய அம்மையம், அவற்றை ஒன்றோடொன்றும் லேசர் அச்சுப்பொறியோடும் இணைக்க வழி தேடியது. 1973 மே 22 அன்று ராபர்ட் மெட்கால்ஃப் ஒரு குறிப்பை எழுதி ஈதர் வலையமைப்பு என்னும் கருத்தை முன்வைத்தார். டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அதைச் செயலாக்கினார். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் வானொலி அலைகளைக் கொண்டு அமைத்திருந்த அலோஹா வலையமைப்பே இதற்குத் தூண்டுதல்.

அலோஹாவில் வானவெளி பொது ஊடகமாக இருந்தது. ஈதர்நெட்டில் ஒரே ஒரு கோஅக்ஸியல் கம்பி பொது ஊடகமாயிற்று. ஒருவர் அனுப்புவது அந்தக் கம்பியில் உள்ள எல்லோருக்கும் கேட்கும். தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். தனக்குரியது எது என்று அறிய ஓர் எண் வேண்டும்.

முதல் ஈதர்நெட்டின் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். அதில் ஒவ்வொரு கணினிக்கும் 8 பிட் நீளமுள்ள முகவரி இருந்தது. மொத்தம் 256 எண்கள். அவற்றுள் சுழியம் எல்லோருக்குமான அறிவிப்புக்கு ஒதுக்கப்பட்டது. மெட்கால்ஃபும் பாக்ஸும் 1976 ஜூலையில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ஒரு கிலோமீட்டர் கம்பியில் 100 கணினிகளை இணைத்த அனுபவத்தை விவரித்தது. 100 கணினிகளுக்கு 8 பிட் போதுமானதாக இருந்தது. ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள் எந்த எண் யாருடையது என்பதைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

அங்கு முகவரியைக் கண்டறியும் சிக்கலும் எழவில்லை. ஜெராக்ஸ் மையம் வகுத்த பப் என்னும் வலையமைப்பிடை நெறிமுறையில், வலையமைப்பைக் குறிக்க 8 பிட்டும் கணினியைக் குறிக்க 8 பிட்டும் இருந்தன. கணினியைக் குறித்த அந்த 8 பிட்டே அதன் ஈதர்நெட் முகவரியும் ஆகும். பெயரும் வரிசை எண்ணும் ஒன்றாகவே இருந்தன.

48 பிட்டுகளுக்கு மாற்றம்

ஈதர்நெட்டை ஆய்வகத்திலிருந்து சந்தைக்குக் கொண்டுவர டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் கைகோத்தன. 1980 செப்டம்பர் 30 தேதியிட்டு அவை வெளியிட்ட வரையறை, வேகத்தை நொடிக்கு 10 மெகாபிட்டாக உயர்த்தியது. முகவரியின் நீளமோ 8 பிட்டிலிருந்து 48 பிட்டாக ஒரே தாவலில் வளர்ந்தது.

ஒரு கம்பியில் சில நூறு கணினிகளே இருக்க முடியும் என்னும்போது, 281 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட எண்களைத் தரக்கூடிய 48 பிட்டுகள் எதற்கு? இதற்கான விளக்கத்தை ஜெராக்ஸில் பணிபுரிந்த யோகன் தலாலும் ராபர்ட் பிரின்டிஸும் 1981இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் தந்தனர். தலால் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது, வின்டன் செர்ஃப், கார்ல் சன்ஷைன் ஆகியோருடன் சேர்ந்து 1974 டிசம்பரில் டிசிபி நெறிமுறையின் தொடக்க வரையறையை எழுதியவர்.

அவர்களின் வாதம் எளிமையானது. ஒவ்வொரு வலையமைப்பிலும் ஒருவர் உட்கார்ந்து எண் ஒதுக்கினால், தவறுதலாக இருவருக்கு ஒரே எண் போய்விடும். கணினியை வேறு கட்டடத்துக்கு மாற்றும்போதெல்லாம் எண்ணையும் மாற்ற வேண்டும். அதற்குப் பதிலாக, உலகில் வேறெந்த அட்டைக்கும் இல்லாத எண்ணைத் தொழிற்சாலையிலேயே பதித்துவிட்டால் இத்தொல்லைகள் இரா. கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கம்பியைச் செருகினால் போதும்.

ஒரே எண் இருமுறை வராமலிருக்க, எண்கள் தொகுதி தொகுதியாகப் பங்கிடப்பட்டன. முதல் 24 பிட்டுகள் உற்பத்தியாளரைக் குறிக்கும். எஞ்சிய 24 பிட்டுகளை உற்பத்தியாளர் தம் விருப்பப்படி வரிசையாகப் பதிக்கலாம். ஒரு தொகுதியில் 1,67,77,216 எண்கள் அடங்கும். இப்பங்கீட்டை முதலில் ஜெராக்ஸ் கவனித்தது. பின்னர் ஐஇஇஇ என்னும் பொறியாளர் அமைப்பு ஏற்றுக்கொண்டது. முகவரியின் முதல் மூன்று இணைகள் 08-00-20 என்றிருந்தால், அந்த அட்டை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்துடையது என்று அறிந்துகொள்ளலாம். 48 பிட்டுகளில் இரண்டுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒன்று, முகவரி தனிக்கருவிக்கு உரியதா குழுவுக்கு உரியதா என்று காட்டும். மற்றொன்று, எண் தொழிற்சாலையில் தரப்பட்டதா உள்ளூரில் வைத்துக்கொண்டதா என்று காட்டும். நெடுங்காலம் பெரிதாகக் கவனிக்கப்படாதிருந்த இந்த இரண்டாவது பிட் பின்னாளில் முக்கியத்துவம் பெற்றது.

இரு எண்களை இணைக்கும் சிக்கல்

ஜெராக்ஸ் தன் புதிய வலையமைப்பு நெறிமுறைகளில் பழைய வழியையே பின்பற்றியது. கணினியின் வலையமைப்பு முகவரிக்குள் 48 பிட் ஈதர்நெட் எண்ணை முழுமையாக வைத்துவிட்டது. முகவரியைப் பார்த்தாலே வன்பொருள் எண் தெரிந்துவிடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாவெல் நிறுவனத்தின் ஐபிஎக்ஸ் நெறிமுறையும் இதே அமைப்பைக் கடன் வாங்கியது.

ஆனால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் வளர்ந்த இணைய நெறிமுறையில் இது சாத்தியமாகவில்லை. 1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 791, ஐபி முகவரியின் நீளம் 32 பிட் என வரையறுத்தது. 48 பிட் எண்ணை 32 பிட்டுக்குள் அடைக்க முடியாது. பழைய 8 பிட் ஈதர்நெட்டில் ஐபி முகவரியின் கடைசி 8 பிட்டையே வன்பொருள் முகவரியாக வைத்துக்கொள்ள முடிந்தது. புதிய ஈதர்நெட் அந்தச் சலுகையைத் தரவில்லை.

வேறு வழிகளும் இருந்தன. டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்நெட் நான்காம் கட்ட மென்பொருள், அட்டையில் பதிந்திருந்த எண்ணை ஒதுக்கிவிட்டுத் தன் கணு எண்ணை உள்ளடக்கிய புதிய எண்ணை அட்டைக்குத் தந்தது. வரிசை எண்ணுக்கு ஏற்பப் பெயரையே மாற்றியது போன்றது இது. இன்னொரு வழி, எந்த ஐபி முகவரிக்கு எந்த வன்பொருள் முகவரி என்ற அட்டவணையை ஒவ்வொரு கணினியிலும் கையால் எழுதி வைப்பது. பத்துக் கணினிகள் இருக்கும்வரை இது நடக்கும். ஓர் அட்டை பழுதாகி வேறொன்றைப் பொருத்தினால், எல்லாக் கணினிகளிலும் அட்டவணையைத் திருத்த வேண்டிவரும்.

1982: பிளம்மரின் தீர்வு

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அப்போது ஒரே கம்பியில் பல மொழிகள் பேசப்பட்டன. இணைய நெறிமுறையோடு, அக்கழகத்திலேயே உருவான கேயாஸ்நெட்டும் இருந்தது. அதன் முகவரி 16 பிட். ஜெராக்ஸ், டிஜிட்டல் நிறுவனங்களின் நெறிமுறைகளும் ஈதர்நெட்டைப் பயன்படுத்தவிருந்தன. ஆகவே ஒரு நெறிமுறைக்கு மட்டும் உரிய தீர்வைத் தராமல், எந்த நெறிமுறையின் முகவரியையும் எந்த வன்பொருளின் முகவரியோடும் இணைக்கும் பொதுவான அமைப்பைப் பிளம்மர் வகுத்தார்.

அவருடைய முறை, ஆசிரியர் வகுப்பில் பெயர் கேட்பதைப் போன்றது. 14ஆம் எண்ணுக்கு உரியவர் யார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஆசிரியர் கேட்கிறார். உரியவர் மட்டும் எழுந்து, "உள்ளேன் ஐயா" என்று தன் பெயரைச் சொல்கிறார். மற்றவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். ஆசிரியர் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்கிறார். அடுத்த முறை கேட்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு கணினியும் குறிப்பிட்ட இடைவெளியில் தன் முகவரியைத் தானே அறிவித்துக்கொண்டிருந்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழும். பிளம்மர் அதை வேண்டாம் என்று தள்ளினார். 100 கணினிகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறிவித்தால், ஆறு நொடிக்கு ஓர் அறிவிப்பு வந்துகொண்டேயிருக்கும். ஆனால் ஒரு கணினி பெரும்பாலும் ஒரு கோப்பு வழங்கியுடனும் மிகச் சில கணினிகளுடனுமே பேசும். பேசவே போகாத மற்ற கணினிகளின் முகவரிகளைச் சேர்த்து வைப்பதால் பயனில்லை. தேவைப்படும்போது கேட்டால் போதும் என்பதே அவர் முடிவு.

நெறிமுறை இயங்கும் விதம்

192.168.1.10 என்ற ஐபி முகவரியுள்ள கணினி, அதே வலையமைப்பில் 192.168.1.20 என்ற முகவரியுள்ள அச்சுப்பொறிக்கு ஒரு கோப்பை அனுப்புவதாகக் கொள்வோம்.

முதலில் கணினி தன் ஏஆர்பி அட்டவணையைப் பார்க்கும். 192.168.1.20க்கு உரிய வன்பொருள் முகவரி அதில் இல்லையென்றால் ஒரு வினாவைத் தயாரிக்கும். ஈதர்நெட்டில் அந்த வினாச் செய்தியின் நீளம் 28 பைட்டுகள் மட்டுமே. அதில் நான்கு முகவரிகள் இடம்பெறும்: கேட்பவரின் வன்பொருள் முகவரி, கேட்பவரின் ஐபி முகவரி, தேடப்படும் வன்பொருள் முகவரி, தேடப்படுபவரின் ஐபி முகவரி. மூன்றாவது இன்னும் தெரியாத விடை. செய்தி வினாவாக இருந்தால் அதன் வகை எண் 1. விடையாக இருந்தால் 2.

இந்த வினா, 48 பிட்டுகளும் 1ஆக உள்ள பொது அறிவிப்பு முகவரிக்கு அனுப்பப்படும். எனவே வலையமைப்பில் உள்ள எல்லாக் கருவிகளும் அதைப் படிக்கும். அச்சுப்பொறி மட்டும், கேட்டவருக்கு நேரடியாக விடை அனுப்பும். கணினி அந்த விடையை அட்டவணையில் எழுதிக்கொண்டு கோப்பை அனுப்பத் தொடங்கும்.

இங்கே ஒரு சிக்கனமும் உண்டு. வினாவிலேயே கேட்பவரின் இரு முகவரிகளும் இருப்பதால், அச்சுப்பொறியும் அவற்றைக் குறித்துக்கொள்கிறது. ஒருவர் பேச வந்தால் அவருக்குப் பதில் சொல்ல நேரும். அதற்காக மறுபடி ஒரு வினா தேவையில்லை.

குறித்து வைத்த விடையை எத்தனை காலம் நம்பலாம் என்பதை 1982 ஆவணம் உறுதியாக வரையறுக்கவில்லை. 1989 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 1122, காலாவதியான பதிவுகளை நீக்கும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும் என்றது. ஒரே முகவரிக்காக நொடிக்கு ஒரு முறைக்கு மேல் வினா எழுப்பாமலிருக்கவும் அறிவுறுத்தியது.

விரிவாக்கங்கள்

அடிப்படை நெறிமுறையைச் சுற்றிப் பல துணை முறைகள் தோன்றின. வட்டு இல்லாத பணிநிலையக் கணினிகள் 1980களில் பரவலாயின. மின்சாரம் வந்ததும் அவற்றுக்குத் தம் வன்பொருள் முகவரி தெரியும். அதைச் சேமித்து வைக்க வட்டு இல்லாததால் ஐபி முகவரி தெரியாது. 1984 ஜூனில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வகுத்த தலைகீழ் ஏஆர்பி, என் பெயர் இது, என் வரிசை எண் என்ன என்று வழங்கியிடம் கேட்க வழிசெய்தது. இத்தேவையையே 1985இல் பூட்பியும் 1993இல் டிஎச்சிபியும் இன்னும் விரிவாக நிறைவேற்றின. இன்று வீட்டு ரவுட்டர் கைபேசிக்கு ஐபி முகவரி தருவது டிஎச்சிபி வழியாகத்தான்.

பதிலாள் ஏஆர்பி என்பது மற்றொன்று. ஒரு ரவுட்டர், தனக்கு அப்பால் உள்ள கணினிக்காகத் தானே பதில் சொல்லித் தரவை வாங்கி உரியவரிடம் சேர்க்கும். இது 1987இல் ஆர்.எஃப்.சி. 1027 ஆக எழுதப்பட்டது. யாரும் கேட்காமலேயே ஒரு கருவி தன் முகவரியை அறிவிக்கும் வழக்கமும் வந்தது. ஒரு வழங்கி பழுதாகி, மாற்று வழங்கி அதே ஐபி முகவரியை ஏற்கும்போது, இந்த அறிவிப்பால் எல்லோருடைய அட்டவணையும் உடனே திருத்தம் பெறும்.

இதற்கிடையே கம்பியும் மாறியது. ஒரே கம்பியில் எல்லோரும் தொங்கிய நிலை போய், பாலங்களும் சுவிட்சுகளும் வந்தன. கல்பனா என்னும் இந்தியப் பெயர் கொண்ட அமெரிக்க நிறுவனம் 1990இல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுவிட்ச், எந்த வாயில் வழியாக எந்த வன்பொருள் முகவரி வருகிறது என்று கவனித்து, உரிய வாயிலுக்கு மட்டும் சட்டகத்தை அனுப்புகிறது. அதனால் ஒருவர் தரவு மற்றவர் கம்பிக்குப் போவது குறைந்தது. ஆனால் ஏஆர்பி வினா பொது அறிவிப்பு என்பதால், சுவிட்சும் அதை எல்லா வாயில்களுக்கும் அனுப்பியே ஆக வேண்டும்.

வலையமைப்பு நிர்வாகியின் கருவி

எந்தெந்தக் கருவிகள் தம் வலையமைப்பில் உள்ளன என்று அறிய விரும்பும் நிர்வாகிக்கு ஏஆர்பி நல்ல துணை. பெர்க்லி யுனிக்ஸின் 4.3 பதிப்பில் ஏஆர்பி என்ற பெயரிலேயே ஒரு கட்டளை வந்தது. விண்டோஸிலும் அதே பெயரில் கட்டளை உண்டு. அதை இயக்கினால், அண்மையில் தொடர்புகொண்ட கருவிகளின் ஐபி முகவரிகளும் வன்பொருள் முகவரிகளும் வரிசையாகத் தோன்றும்.

தொடர்புகொள்ளாத கருவிகள் அட்டவணையில் இரா. அவற்றையும் கண்டறிய, உள்ளூர் வலையமைப்பின் ஒவ்வோர் ஐபி முகவரிக்கும் வரிசையாக வினா எழுப்ப வேண்டும். 1997இல் வெளிவந்த என்மேப் போன்ற மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. பிங் வினாவுக்குப் பதில் தராதபடி ஒரு கணினியின் தடுப்புச்சுவரை அமைத்துவிடலாம். ஆனால் ஏஆர்பி வினாவுக்குப் பதில் தராத கணினியோடு அதே வலையமைப்பில் உள்ள யாரும் பேச முடியாது. ஆகவே மறைந்திருக்க விரும்பும் கருவியும் பெரும்பாலும் இங்கே அகப்பட்டுவிடும். கிடைத்த வன்பொருள் முகவரியின் முதல் மூன்று இணைகளிலிருந்து உற்பத்தியாளர் யார் என்பதையும் ஊகிக்கலாம்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஏஆர்பி வினா ரவுட்டரைத் தாண்டாது. வேறு வலையமைப்பில் உள்ள கருவியின் வன்பொருள் முகவரியை இவ்வழியில் அறிய இயலாது. அங்கே செல்ல வேண்டிய தரவுக்கும், கணினி கேட்டறிவது தன் ரவுட்டரின் வன்பொருள் முகவரியை மட்டுமே.

பொய்யான பதில்

வகுப்பில் வராத நண்பனுக்காக வேறொரு மாணவர் "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுப்பதுண்டு. முகம் பார்க்காத ஆசிரியர் அதை நம்பிக் குறித்துக்கொள்வார். ஏஆர்பியின் பலவீனமும் இதுவே. விடை தருபவர் உண்மையில் உரியவர்தானா என்று சோதிக்கும் வழி எதுவும் நெறிமுறையில் இல்லை. பல இயங்குதளங்கள், தாம் கேட்காத விடையையும் ஏற்று அட்டவணையைத் திருத்திக்கொண்டன.

ஒரு கெடுநோக்காளர், ரவுட்டரின் ஐபி முகவரி தன்னுடையது என்று கணினியிடமும், கணினியின் ஐபி முகவரி தன்னுடையது என்று ரவுட்டரிடமும் பொய் சொன்னால், இருவருக்கும் இடையிலான தரவு முழுவதும் அவர் வழியே போகும். அவர் அதைப் படித்துவிட்டு உரியவருக்கு அனுப்பினால், இரு தரப்புக்கும் ஐயம் எழாது. 2000ஆம் ஆண்டையொட்டி இதைச் செய்யும் ஆயத்தக் கருவிகளும் இணையத்தில் கிடைக்கத் தொடங்கின. சுவிட்ச் பொருத்திவிட்டால் பிறர் தரவைப் பார்க்க முடியாது என்ற நம்பிக்கை அத்துடன் தளர்ந்தது.

பிளம்மரின் ஆவணம் வந்த காலத்தில் கம்பியின் மறுமுனையில் இருந்தவர் பெரும்பாலும் பக்கத்து அறைக்காரர். விடுதியிலும் விமான நிலையத்திலும் முன்பின் அறியாதவர்கள் ஒரே வலையமைப்பில் அமரும் காலம் அப்போது வரவில்லை. இன்றைய பாதுகாப்பு வெளியிலிருந்து சேர்க்கப்பட்டது. டிஎச்சிபி எந்த முகவரியை யாருக்குத் தந்தது என்ற பதிவோடு ஏஆர்பி விடையை ஒப்பிட்டு, பொருந்தாததைத் தள்ளிவிடும் சுவிட்சுகள் உள்ளன. வலைத்தளத் தரவைக் குறியாக்கம் செய்வதால், இடையில் ஒருவர் புகுந்தாலும் உள்ளடக்கத்தைப் படிப்பது கடினம்.

ஜெராக்ஸ் எண்ணத்தின் மறுவருகை

32 பிட் முகவரிகள் போதாமல் போனபோது, 128 பிட் நீளமுள்ள ஐபி பதிப்பு 6 உருவாயிற்று. அதில் ஏஆர்பி இல்லை. 1996இல் முதன்முதலாக வரையறுக்கப்பட்ட அண்டை கண்டறிதல் முறை அதன் இடத்தைப் பிடித்தது. வினா எல்லோருக்கும் போகாமல், முகவரியின் கடைசி 24 பிட்டுகளைக் கொண்டு அமையும் சிறு குழுவுக்கு மட்டும் போகிறது.

128 பிட்டில் இடம் தாராளமாக இருந்ததால், தலாலும் பிரின்டிஸும் முன்வைத்த பழைய எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது. 48 பிட் வன்பொருள் எண்ணை 64 பிட்டாக நீட்டி ஐபி முகவரியின் பிற்பாதியாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. யாரும் எண் ஒதுக்க வேண்டியதில்லை. கருவி தானே தன் முகவரியை அமைத்துக்கொள்ளும்.

இதன் விளைவு விரைவில் புலப்பட்டது. மடிக்கணினி வீட்டிலிருந்தாலும் அலுவலகத்திலிருந்தாலும் வெளிநாட்டு விடுதியிலிருந்தாலும் முகவரியின் பிற்பாதி மாறாது. அது தொடர்புகொள்ளும் எந்த வலைத்தளமும் அந்தப் பயணத்தைப் பின்தொடரலாம். 2001 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 3041, அவ்வப்போது மாறும் தற்செயல் எண்களைப் பயன்படுத்தும் வழியைத் தந்தது. ஏஆர்பியில் வன்பொருள் முகவரி உள்ளூர் வலையமைப்பைத் தாண்டாமல் தங்கியிருந்தது ஒரு பாதுகாப்பாகவும் அமைந்திருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

கருவியின் எண்ணும் மனிதரின் அடையாளமும்

மாறாத எண்ணால் விளையும் சிக்கல் வேறு இடங்களிலும் வெளிப்பட்டது. மைக்ரோசாஃப்டின் ஆஃபீஸ் 97 உருவாக்கிய ஆவணங்களில், கணினியின் வன்பொருள் முகவரியை உள்ளடக்கிய ஓர் எண் பயனருக்குத் தெரியாமல் பதிந்திருந்தது 1999 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது. அந்நிறுவனம் பின்னர் அதை நீக்க வழிசெய்தது.

வைஃபை வந்தபின் நிலைமை தீவிரமாயிற்று. கைபேசி, அருகில் தெரிந்த வலையமைப்பு உண்டா என்று தேடும்போதெல்லாம் தன் வன்பொருள் முகவரியைக் காற்றில் அறிவித்தது. 2013 ஆகஸ்டில் லண்டன் மாநகரின் வணிகப் பகுதியில், சில குப்பைத் தொட்டிகளில் பொருத்தப்பட்ட கருவிகள் வழிப்போக்கர்களின் கைபேசி முகவரிகளைச் சேகரித்து வந்தது தெரியவந்தது. நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது.

மறுபுறம், வன்பொருள் முகவரி ஒருவரை உறுதியாக அடையாளம் காட்டும் சான்றும் அன்று. மென்பொருளால் அதை எளிதில் மாற்றலாம். ஏஆர்பி பிறந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலேயே இது ஒரு துயரமான வழக்கில் இடம்பெற்றது. 2010இல் அங்கிருந்து ஆய்வுக் கட்டுரைகளைப் பெருமளவில் தரவிறக்கிய ஆரன் ஸ்வார்ட்ஸ், தம் மடிக்கணினியின் வன்பொருள் முகவரி தடுக்கப்பட்டதும் அதை மாற்றிக்கொண்டார் என்று 2011இல் தாக்கலான குற்றப்பத்திரிகை கூறியது. வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2013 ஜனவரியில் அவர் மறைந்தார், வழக்கு கைவிடப்பட்டது.

கைபேசி உற்பத்தியாளர்கள் மெல்ல வழி மாறினர். 2014இல் ஆப்பிளின் ஐஓஎஸ் 8, வலையமைப்பைத் தேடும்போது மட்டும் தற்செயல் முகவரிகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2019இல் ஆண்ட்ராய்டு 10, ஒவ்வொரு வைஃபை வலையமைப்புக்கும் தனித்தனித் தற்செயல் முகவரியை இயல்பான அமைப்பாக்கியது. 2020இல் ஐஓஎஸ் 14 இதைப் பின்பற்றியது. உள்ளூரில் வைத்துக்கொண்ட எண் என்று காட்டும் அந்தப் பழைய பிட் இப்போது கோடிக்கணக்கான கைபேசிகளில் 1 ஆகிவிட்டது. முகவரியின் இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால், அது தொழிற்சாலையில் தரப்பட்ட எண் அன்று.

இதனால் நிர்வாகிகளுக்குப் புதிய வேலை வந்தது. அனுமதிக்கப்பட்ட வன்பொருள் முகவரிகளின் பட்டியலைக் கொண்டு வைஃபையைக் காத்துவந்த பள்ளிகளும் அலுவலகங்களும், நேற்றுவரை நுழைந்த கைபேசி இன்று அந்நியமாகத் தோன்றுவதைக் கண்டன. கருவியின் எண்ணுக்குப் பதிலாகப் பயனரின் கடவுச்சொல்லையோ சான்றிதழையோ சோதிப்பதே பொருத்தமான வழி.

1981இல் உலகெங்கும் மாறாத ஓர் எண் வேண்டும் என்று பொறியாளர்கள் வாதிட்டதற்குக் காரணம், கணினி பல பேர் பகிர்ந்துகொள்ளும் அலுவலகப் பொருளாக இருந்தது. அதே எண் சட்டைப் பைக்குள் வந்தபோது அதைச் சுமப்பவரின் அடையாளமாயிற்று. வரிசை எண் மாறும், பெயர் மாறாது என்ற பழைய ஏற்பாடு தலைகீழாகி, இப்போது கைபேசியின் பெயரே இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆனால் ஏஆர்பிக்கு இதனால் இடையூறு ஒன்றும் இல்லை. பெயர் நிலையானது என்று அது ஒருபோதும் எண்ணியதில்லை. இந்த எண்ணுக்கு உரியவர் இப்போது யார் என்று மட்டுமே அது கேட்கிறது.